தீப்பொறி வராத வண்டியும் அவசரத் தீர்ப்பும்



ஞாயிறு காலையில் ஆலய வளாகத்தின் வேப்பமரத்தடியில் நிற்கும் இருசக்கர வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். புதிய வண்டிகளுக்கு நடுவே, இருபது முப்பது ஆண்டுகளைக் கடந்த புல்லட்டுகளும் ஆர்எக்ஸ் 100 வண்டிகளும் சில நிற்கின்றன. சிலருக்கு அது தகப்பனார் விட்டுச்சென்ற நினைவு. பலருக்கோ அதுவே பிழைப்பு. விடியற்காலையில் பால் கேன்களையும் மீன் பெட்டியையும் சுமந்து செல்லும் அந்த வண்டி ஒரு நாள் நின்றால், அந்த வீட்டில் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் எத்தனை முறை உதைத்தாலும் புறப்படுவதில்லை. பட்டறைக்குத் தள்ளிச் செல்கிறோம். "ஸ்பார்க் வரவில்லை" என்று சொல்லப்படுகிறது. அடுத்த வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "காயில் போய்விட்டது, மாற்றிவிடலாம்." காயில் மாற்றப்படுகிறது, பொறி வரவில்லை. கண்டென்சர் மாற்றப்படுகிறது, வரவில்லை. பாயிண்ட் செட், பிளக், கேப், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாறுகின்றன. முடிவில், சாவி சுவிட்சுக்கு வரும் ஒரு கம்பி உள்ளுக்குள் அறுந்திருந்தது தெரியவருகிறது. அதற்குள் உரிமையாளரின் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும்.

இதைக் குறித்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் தீப்பொறி வராதபோது, சோதித்து அறியாமல் ஒரு பாகத்தையும் வாங்கக்கூடாது. சோதித்து அறிந்து சொல்கிற கைவினைஞருக்கு, அந்த அறிதலுக்காகவே நாம் கூலி கொடுக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விட்டால் மற்றொன்று நிலைக்காது. ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

பொறி எங்கே பிறக்கிறது?

சோதிக்கவேண்டுமானால், பொறி எப்படிப் பிறக்கிறது என்று அறிந்திருக்கவேண்டும். அது கடினமான பாடமன்று.

1831-ஆம் ஆண்டு லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுற்றில் மின்கலத்தை இணைத்தார். மறு சுற்றில் மின்னோட்டத்தைக் காட்டும் காந்த ஊசியை வைத்தார். மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவில்லை. இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே துள்ளியது. கொல்லனின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலில் பயின்று, சாண்டிமேனியர் என்னும் சிறிய சபையில் மூப்பராகவும் ஊழியம் செய்த அந்த மனிதர், ஊசியின் அந்தச் சிறு துள்ளலை அலட்சியம் செய்யவில்லை. நம் வண்டியின் காயில் இன்றுவரை வேலை செய்வது அந்தத் துள்ளலினால்தான்.

பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் வளர்ந்த ஆலையின் வண்டி அது. பல பத்தாண்டுகள் அதன் இயக்கமுறை பெரிதும் மாறவில்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் சாவி சுவிட்ச் வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குள் சென்று, அங்கிருந்து பாயிண்ட் வழியாக எர்த்தை அடைகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் காந்தப்புலம் எழும்புகிறது. இயந்திரம் சுழன்று, கேம் பாயிண்டைத் திறக்கும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் துண்டிக்கப்பட்டு, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவினால், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டுகிறது. அதுவே தீப்பொறி.

கண்டென்சரின் வேலை இன்னொன்று. பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் அதன் முனைகளுக்கிடையே தாவ முயலும். அப்படித் தாவினால் முனைகள் கருகும், துண்டிப்பும் மந்தமாகும். கண்டென்சர் அந்தத் தாவலைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு துண்டிப்பைக் கூர்மையாக்குகிறது.

ஆகவே பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், கம்பி, காயில், பாயிண்ட், கண்டென்சர், மேல் வயர், கேப், பிளக் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே: பொறி இல்லை. அறிகுறியை மட்டும் பார்த்துக் குற்றவாளியின் பெயரைச் சொல்ல எவராலும் முடியாது. "காயில்தான்" என்று பார்த்தவுடன் சொல்கிறவர் ஊகிக்கிறார். ஊகம் சில வேளை பலிக்கும். ஆனால் பலிக்காத ஊகத்தின் விலையை அவர் செலுத்துவதில்லை, வண்டிக்காரர் செலுத்துகிறார்.

முதலில் எளியவை

சாவி போடப்பட்டிருக்கிறதா, கைப்பிடியில் கில் சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம். மழைக்கோட்டின் கை பட்டு அந்தச் சுவிட்ச் அணைந்துவிடுவது உண்டு.

அடுத்ததாகப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை உதைத்தபின்னும் அது உலர்ந்திருந்தால், குறை பெட்ரோல் வழியில் இருக்கக்கூடும். டேங்க் குழாயையும் கார்ப்பரேட்டரையும் பார்க்காமல் மின்சாரத்தின்மேல் பழிபோடக்கூடாது. பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேருகிறது என்று பொருள். இனிப் பொறியைத் தேடலாம்.

நல்லது என்று நிச்சயமாய்த் தெரிந்த ஒரு பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டின் வண்ணம் பூசாத பகுதியில் நன்றாய்ப் படும்படி சாய்த்து வையுங்கள். கையால் பிடிக்கவேண்டாம்; அதிர்ச்சி கடுமையாயிருக்கும். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆகவே துளையைத் துணியால் மூடி, பிளக்கை அதைவிட்டு விலக்கி வைத்து, காற்றோட்டமான இடத்தில் சோதியுங்கள். நிழலில் நின்று உதைத்துப் பாருங்கள். நீலநிறத்தில், "சட்" என்ற ஓசையோடு வருவது நல்ல பொறி. மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து வருவது நலிந்த பொறி. வெளியில் மெலிதாய்த் தெரிந்த பொறி, சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும்போது தாண்டாமற்போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொறி இல்லையெனில் கேப்பைத் திருகிக் கழற்றிவிட்டு, வயரின் வெறும் நுனியை உலர்ந்த மரக்குச்சியால் தாங்கி, இரும்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி மீண்டும் உதைக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் வைத்த வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தும். இப்போது பொறி தாவினால், குற்றம் கேப்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் கேப்புக்குள் நீர் தங்கிப் பச்சை பூத்துக்கிடப்பதைக் கடற்கரை ஊர்க்காரர்கள் நன்கு அறிவீர்கள். வயரின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதுச் செம்பு தெரியும்படி செய்து கேப்பைத் திருகினால், பல வேளைகளில் அத்தோடு வேலை முடிந்துவிடும். ஐந்து நிமிடமும் ஒரு கத்தியும் போதும்.

முள் தரும் சாட்சி

பழைய புல்லட்டின் தலையில், வேகமானிக்கு அருகே சிறிய அம்மீட்டர் ஒன்று உண்டு. அதை அலங்காரம் என்று நினைத்து ஆண்டுக்கணக்காய்ப் பார்க்காதவர்கள் பலர். இந்தச் சோதனையில் அதைப்போல் உண்மை பேசும் சாட்சி வேறில்லை.

விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தி இயந்திரத்தைச் சுழற்றுங்கள். நல்ல நிலையிலுள்ள வண்டியில், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கமாக, வெளியேறும் மின்சாரத்தைக் காட்டும் பக்கத்துக்குச் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். நாடித்துடிப்பைப்போல் சாய்ந்து சாய்ந்து நிமிரும். நீங்கள் பார்க்கவேண்டியது மூன்று நிலைகளில் ஒன்று.

முள் அசையவே இல்லையா? அப்படியானால் காயிலின் முதல் சுற்று வழியாக மின்சாரம் ஓடவில்லை. பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், கம்பிகள் ஆகியவற்றைப் பாருங்கள்; அல்லது பாயிண்டின் முனைகள் அழுக்கேறி ஒன்றையொன்று தொடாதிருக்கலாம். முதல் சுற்றே அறுந்திருக்கவும் கூடும்.

முள் சாய்ந்தபடியே நின்றுவிட்டதா? அப்படியானால் மின்சாரம் ஓடுகிறது, ஆனால் துண்டிக்கப்படவில்லை. பாயிண்டின் அடிக்கட்டை தேய்ந்து இடைவெளி மூடிப்போயிருக்கலாம். அல்லது பாயிண்டுக்கு வரும் கம்பியோ கண்டென்சரோ எர்த்தோடு ஒட்டியிருக்கலாம்.

முள் ஒழுங்காகச் சாய்ந்து நிமிர்கிறது, ஆயினும் பொறி இல்லையா? அப்படியானால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரையிலான பாதை நலமாயிருக்கிறது. கண்டென்சர், காயிலின் இரண்டாம் சுற்று, மேல் வயர் ஆகியவை மட்டுமே மிச்சம்.

பத்துக் கண்ணிகளில் எதுவென்று தெரியாதிருந்த நிலை, ஒரு நிமிடத்தில் மூன்று நான்காகக் குறைந்துவிட்டது! ஒரு திருகாணியைக்கூட நாம் கழற்றவில்லை. ஒரு ரூபாயும் செலவிடவில்லை. அம்மீட்டர் இல்லாத, பாயிண்ட் வைத்த வண்டிகளுக்கு ஒரு சிறிய பல்பே போதும். காயிலிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அதை இணைத்து இயந்திரத்தை மெதுவாகச் சுழற்றினால், பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரியும், மூடும்போது அணையும்.

ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில்

முள் அசையவில்லையெனில், முகப்பு விளக்கையும் ஹாரனையும் பாருங்கள். விளக்கு மங்கினால் பேட்டரியை அளக்கவேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தால், பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து காயிலின் மின்வரவு முனைக்கு ஒரு தனிக் கம்பியை நேராகக் கொடுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால், காயிலும் பாயிண்டும் நிரபராதிகள். இடையிலுள்ள சுவிட்சோ கம்பியோ குற்றவாளி. கைப்பிடி திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை முழுதாயிருக்க உள்ளே செம்பு முறிந்துபோகும் கம்பிகள் பழைய வண்டிகளில் மிகுதி. கைப்பிடியை இடமும் வலமும் திருப்பியபடி முள்ளைக் கவனித்தால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை முடிந்தவுடன் தனிக் கம்பியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் மின்சாரம் தொடர்ந்து ஓடினால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும். இயந்திரம் ஓடாதபோது சாவியைப் போட்டு வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

பாயிண்ட் சிலிண்டருக்குப் பின்புறம், ஒரு சிறு மூடியின் கீழே இருக்கிறது. முனைகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாயிருந்தால் நலம். கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, கடைசியாகச் சுத்தமான தாள் ஒன்றை இடையே விட்டு இழுங்கள். நன்றாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதை அளக்கும் ஃபீலர் கேஜ் பெரிய விலையுள்ள பொருளன்று. புதிய பாயிண்ட் போட்டாலும் அதன் முனையில் துருப்பிடியாதபடி பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு, "புதுப் பாயிண்டும் வேலை செய்யவில்லை, ஆகவே காயில்தான்" என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு.

முனைகளுக்கிடையே பெரிய பொறி பறந்து, பிளக்கில் ஒன்றும் வராதிருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பாயிண்டைச் சுத்தம் செய்த சில நாட்களிலேயே மீண்டும் கருகினாலும் அதையே சந்தேகிக்கவேண்டும். அது மலிவான பொருள். நல்லது என்று தெரிந்த ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பார்ப்பதே அதற்கு ஏற்ற சோதனை.

காயிலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குள் அசையும் பாகம் ஒன்றுமில்லை, தேய்வதற்கும் ஒன்றுமில்லை. மல்டிமீட்டரால் அளந்தால், 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று சில ஓம்களும் இரண்டாம் சுற்று பல ஆயிரம் ஓம்களும் காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காலையில் நன்றாகப் புறப்பட்டு, பத்துக் கிலோமீட்டர் ஓடி நின்று, அரைமணி நேரம் ஆறியபின் மறுபடியும் புறப்படும் வண்டி சூட்டில் மட்டும் வெளிப்படும் குறையை உடையது. அதைக் குளிர்ந்த நிலையில் அளந்து, "காயில் நலம்" என்று சொல்லிவிடக்கூடாது. நின்ற இடத்தில், நின்ற நேரத்தில் அதைச் சோதிக்கவேண்டும். நோயாளி காய்ச்சலோடிருக்கும்போது பார்த்தால்தானே காய்ச்சல் தெரியும்?

பாயிண்ட் இல்லாத வண்டிகள்

1980-களின் நடுவிலிருந்து நம் சாலைகளில் ஓடிய ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் பாயிண்ட் இல்லை. இவற்றில் மேக்னட் சுழலும்போது ஒரு காயில் மின்சாரம் தருகிறது. பல்சர் காயில் நேரத்தைச் சொல்கிறது. சிடிஐ என்னும் பெட்டி அந்த நேரத்தில் மின்சாரத்தை மேல் காயிலுக்குள் செலுத்துகிறது. பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. ஆகவே இவ்வகை வண்டியில் பொறி வராததற்குப் பேட்டரியை மாற்றச் சொன்னால், ஏன் என்று மரியாதையோடு கேளுங்கள்.

இவற்றில் ஒரு வினோதமும் உண்டு. புல்லட்டில் சாவியைப் போடுவது மின்சாரத்தை இணைக்கிறது. இவற்றிலோ சாவியை அணைப்பது பொறியின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆகையால் சாவிக்குச் செல்லும் அந்த ஒரு கம்பி எங்கேனும் உறை உரிந்து சேசிஸில் பட்டால், சாவி போட்டிருந்தாலும் வண்டி அணைந்த நிலையிலேயே இருக்கும். சிடிஐ பெட்டியருகே அந்தக் கம்பியை மட்டும் விடுவித்துவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் பெட்டியும் காயில்களும் நலமே. உரிந்த இடத்தைத் தேடி நாடா சுற்றினால் போதும். இவ்வகை வண்டிகளில் பிளக்கை எர்த்தில் வைத்தே சோதிக்கவேண்டும். வயரை வெறுமனே தொங்கவிட்டு உதைத்தால் பெட்டி பழுதாகக்கூடும்.

சிடிஐ பெட்டியைத் திறந்து பார்க்கமுடியாது. இன்னொரு நல்ல பெட்டியை மாட்டிப் பார்ப்பது ஒன்றே எளிய வழி. அதனால்தான் அது பட்டியலின் கடைசியில் நிற்கவேண்டும். நடைமுறையிலோ முதலில் பழி சுமப்பது அதுவே.

மாற்றிப் பார்ப்பது தவறா?

"ஐயா, சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. மாற்றிப் பார்த்தால் அரைமணியில் முடிந்துவிடும்" என்று பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவர் சொல்லக்கூடும். இதில் நியாயமில்லாமல் இல்லை. நல்லது என்று தெரிந்த பாகத்தைத் தம்மிடம் வைத்திருந்து, ஒன்றை மட்டும் மாட்டி, பொறி வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் பழையதையே திரும்ப மாட்டித்தருகிற கைவினைஞர் செய்வது முறையான சோதனை. அவரை நான் குறை சொல்லவில்லை.

கடையிலிருந்து புதிதாய் வாங்கி, மாட்டி, பொறி வராதபோதும் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை வாங்கச் சொல்வது வேறு. அதில் மூன்று தீமைகள் உண்டு. வண்டிக்காரர் தேவையற்ற பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். புதியது என்பதாலேயே ஒரு பாகம் நல்லதாகிவிடாது; மட்டமான போலிப் பாகங்கள் மலிந்த சந்தையில், நல்ல பழைய காயிலை எடுத்துவிட்டுக் கெட்ட புதிய காயிலை மாட்ட நேர்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே வேளையில் மாற்றியபின் வண்டி புறப்பட்டால், எதனால் புறப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. குறை கம்பியில் இருந்து, வேலை செய்த கை பட்டுத் தற்செயலாய் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த மழையில் அதே இடத்தில் அதே வண்டி நிற்கும்.

பழி யார்மேல்?

இதுவரை பட்டறையைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றிப் பேசவேண்டும்.

ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் வெயிலில் குனிந்து, கம்பி கம்பியாய்த் தேடி, அறுந்த இடத்தைக் கண்டு, சாலிடர் வைத்து ஒட்டி, "ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு கம்பியை ஒட்டினதற்கா ஐந்நூறு?" என்கிறோம். அதே மனிதர் அரைமணியில் காயிலையும் பேட்டரியையும் மாற்றி, கடைப் பில்லைக் காட்டினால் மறுபேச்சின்றி ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். பொருள் கண்ணுக்குத் தெரிகிறது; அறிவு தெரிவதில்லை. பெட்டியில் வந்த புதிய பாகத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொள்கிற நாம், இருபதாண்டு அனுபவத்தில் விளைந்த கூர்மைக்கு விலை இல்லை என்று எண்ணுகிறோம்.

இதைப் பலமுறை கண்ட கைவினைஞர் என்ன கற்றுக்கொள்வார்? தேடுவதற்குக் கூலியில்லை, மாற்றுவதற்கே கூலியுண்டு என்று கற்றுக்கொள்வார். அவரிடம் பயிலும் பிள்ளையும் அதையே கற்பான். இப்படித்தான் ஒரு தலைமுறையின் அறிவு நம் கண்முன்னே அவிந்துபோகிறது. அம்மீட்டரின் முள்ளைப் பார்த்துக் குறையைச் சொல்லத்தெரிந்த பெரியவர்கள் பட்டறைகளில் குறைந்து வருகிறார்கள். அவர்களைக் குறைத்தது காலம் மட்டுமன்று, நம்முடைய பேரமும்தான்.

பிழைப்புக்கு வண்டியை நம்பியிருக்கும் ஒரு பால் வியாபாரியை நினைத்துப்பாருங்கள். மூன்று முறை பாகம் மாற்றியும் வண்டி ஓடாததால், "இது இனி ஆகாது" என்று யாரோ சொல்ல, இரும்புக்கடை விலைக்கு அதைத் தள்ளிவிட்டு, தவணையில் புதிய வண்டி எடுக்கிறார். மாதந்தோறும் கட்டவேண்டிய தொகை அவர் வருமானத்தில் பெரும்பங்கு. இத்தனைக்கும் காரணம் ஒரு கேப்புக்குள் தங்கிய மழைநீராயிருந்தால்? அந்தக் கடனுக்கு யார் பொறுப்பு? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவருக்கும் பங்குண்டு. தேடுவதற்குக் கூலி மறுத்த நமக்கும் பங்குண்டு.

வண்டியில் பழகிய அவசரம் வண்டியோடு நிற்பதுமில்லை. பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் உடனே டியூஷனை மாற்றுகிறோம், பள்ளியை மாற்றுகிறோம், கைப்பேசியைப் பிடுங்குகிறோம். கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்க மறந்துபோகிறோம். ஒரு கண் பரிசோதனையில் முடியக்கூடியது ஓராண்டு வசையாக நீள்கிறது. அறிகுறியைக் கண்டவுடனே பெயரிட்டுத் தண்டிப்பது எளிது. கண்ணி கண்ணியாய்ச் சென்று, நிரபராதிகளை ஒவ்வொருவராய் விடுவித்து, கடைசியில் குறையை அடைவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு அன்பும் வேண்டும்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு நல்ல பிளக், ஒரு ஃபீலர் கேஜ், இரண்டு முழக் கம்பியோடு ஒரு சிறு பல்பு ஆகியவற்றைக் கருவிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நன்றாயிருக்கும்போதே ஒரு மாலையில் அம்மீட்டரின் முள் எப்படி ஆடுகிறது என்று பார்த்துப் பழகுங்கள். நலத்தை அறிந்தவருக்கே நோய் தெரியும்.

பட்டறைக்குச் செல்லும்போது, "எதை மாற்றவேண்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எதனால் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், தேடுகிற நேரத்துக்குக் கூலி தருகிறேன்" என்று முன்னதாகவே சொல்லுங்கள். மாற்றப்பட்ட பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பியை ஒட்டியதோடு வேலை முடிந்துவிட்டால், பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்து, நன்றியும் சொல்லுங்கள்.

பட்டறை நடத்தும் சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நிச்சயமாய்த் தெரியாதபோது, "இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல அஞ்சாதிருங்கள். அந்த வார்த்தையால் உங்கள் மதிப்பு குறையாது; உங்களிடம் வண்டியை விட்டுச்செல்கிறவர் அன்றிரவு நிம்மதியாய் உறங்குவார்.

வாலிபரே, நீங்கள் உங்கள் தெருவிலுள்ள மூத்த மெக்கானிக்கிடம் ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். பாயிண்டின் இடைவெளியை அவர் வைக்கும் விதத்தைப் பாருங்கள். அவர் கையிலுள்ளது அவரோடு போய்விடாதபடி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணங்கள் யாவும் சுகமாயிருப்பதாக.